மறுப்பே பாடமான கல்லூரி: தாம்பரமும் பிற பண்பாடுகளைப் பயிலும் கல்வியும்

வேற்று நாட்டு மக்களிடையே பணியாற்றப் போகும் கிறித்தவர் அம்மக்களின் சமயத்தையும் வழக்கங்களையும் முறைப்படி கற்க வேண்டும் என்ற எண்ணம், 1910ஆம் ஆண்டு எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டுக்குப் பிறகே கல்வித் திட்டமாக உருப்பெற்றது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. அம்மாநாட்டின் ஐந்தாம் ஆணையம் மிஷனரிகளின் பயிற்சியை மட்டுமே ஆராய்ந்தது. அதன் தலைவர் டக்ளஸ் மெக்கன்சி பொறுப்பு வகித்த, அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டு இறையியல் கல்லூரியில் 1911இல் மிஷனரிகளுக்கெனத் தனிப் பள்ளியே தொடங்கப்பட்டது. இந்தக் கூற்றில் பிழையில்லை. ஆனால் கதையின் ஒரு பாதிதான் இது. மறு பாதி சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் நடந்தது. அங்கே ஐரோப்பிய ஆசிரியரைப் பிற பண்பாட்டின் மாணவராக்கியது எந்தப் பாடத்திட்டமும் அல்ல, வகுப்பில் எதிரே அமர்ந்திருந்த இந்து மாணவரின் மறுப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இக்கல்லூரிக்கு வித்தாக ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய பள்ளிக்கு மதமாற்றமே வெளிப்படையான குறிக்கோள். 1862இல் வந்து சேர்ந்த வில்லியம் மில்லர் அந்த அளவுகோலையே மாற்றினார். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதை வைத்துக் கல்லூரியை மதிப்பிட அவர் மறுத்தார். கிறித்தவச் சிந்தனை சமூகத்தில் மெல்லப் பரவினாலே போதும் என்றார். ஸ்காட்லாந்தில் பணம் கொடுத்தவர்களுக்கு இது உவப்பாக இருந்திருக்காது. ஆனால் இந்த நிலைப்பாட்டுக்கு மில்லரே எதிர்பார்த்திராத ஒரு பலன் உண்டு. மாறியே தீர வேண்டும் என்ற நெருக்கடி தளர்ந்த வகுப்பில் மாணவர் தம் மரபை விட்டுக்கொடுக்காமல் வாதாட முடிந்தது. அந்த வாதத்துக்கு ஈடுகொடுக்க ஆசிரியர் படிக்க வேண்டியிருந்தது. மெய்யியல் ஆசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் இதற்குச் சிறந்த சான்று. 1909இல் நூலாக வந்த அவருடைய 'கர்மமும் மீட்பும்' தன் துணைத் தலைப்பிலேயே இரண்டு வேலைகளை ஏற்கிறது: இந்து சமயத்தைப் பொருள்கொள்வது, கிறித்தவத்தை மறுபடி எடுத்துரைப்பது. கர்மக் கொள்கையை அவர் மூடநம்பிக்கை என்று ஒதுக்கவில்லை. நீதி தவறாத உலகம் ஒன்றைக் கோரும் கொள்கை அது. அதன்முன் கிறித்தவர் பேசும் மன்னிப்புக்கு என்ன பொருள் என்ற கேள்வியை அவர் தம் சமயத்தை நோக்கியே திருப்பினார். அதே ஆண்டுகளில் அவரிடம் பயின்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1908இல் வேதாந்தத்தின் அறவியல் பற்றிய ஆய்வேட்டை வெளியிட்டார். கிறித்தவ ஆசிரியர்களின் விமர்சனமே தம்மை இந்து மெய்யியலை ஆழ்ந்து கற்கத் தூண்டியது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். கற்றல் இரு திசையிலும் நடந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

1931இல் லிண்ட்சே ஆணையம் இந்தியக் கிறித்தவக் கல்லூரிகள் ஆராய்ச்சியிலும் சுற்றுப்புறச் சமூகத்திலும் இறங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். நகர நெரிசலிலிருந்த கல்லூரி 1937இல் தாம்பரத்தை ஒட்டிய சேலையூர்க் காட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. 1938 டிசம்பரில், ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து சுமார் 470 பேர் அங்கே கூடினார்கள். அதுவே சர்வதேச மிஷனரி மன்றத்தின் தாம்பரம் மாநாடு. எடின்பரோவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேராளரில் ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபைகளைச் சேர்ந்தவர் இருபது பேர்கூட இல்லை; தாம்பரத்திலோ அவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். மாநாட்டுக்காக ஹாலந்து அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், கிறித்தவ வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்று வாதிட்டது. ஹாக் அதை ஏற்கவில்லை. கிறித்தவம் அல்லாத சமயங்களிலும் மெய்யான இறைப்பற்று உண்டு, அதைப் பார்த்தும் பாராமல் இருக்க முடியாது என்பது அவர் பதில்.

இங்கே ஒரு தடை எழுகிறது. மாநாடு முதலில் சீனாவின் ஹாங்சோவில் நடப்பதாக இருந்தது. ஜப்பானியப் படையெடுப்பால்தான் தாம்பரத்துக்கு மாறியது. இடம் தற்செயலாக வாய்த்தது என்றால், அந்த விவாதத்தைத் தாம்பரத்தின் வரலாற்றில் சேர்ப்பது எப்படிப் பொருந்தும்? இடம் தற்செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் மறுமொழி சொன்னவர்கள் தற்செயலாக வந்தவர்கள் அல்லர். மாநாட்டை ஒட்டிச் சென்னையில் வெளியான, இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தனை செய்யும் தொகுப்பில் கிரேமரை மிகக் கூர்மையாக எதிர்த்தவர் நீதிபதி பி. செஞ்சையா. அவருடன் எழுதிய வழக்கறிஞர் வி. சக்கரை, தொழிற்சங்கத் தலைவராகவும் பின்னர்ச் சென்னை மேயராகவும் விளங்கியவர். இருவரும் இதே கல்லூரியில் மெய்யியல் பயின்றவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் தொடங்கிய வாதத்தின் தொடர்ச்சி இது.

ஹாக்கின் பரிவு கடைசியில் கிறிஸ்துவே உயர்ந்தவர் என்ற முடிவுக்கு வரும் ஓர் உத்திதானே என்ற இரண்டாவது தடை இன்னும் கனமானது. கிறிஸ்துவின் தனித்தன்மையை ஹாக் ஒருபோதும் கைவிடவில்லை என்பது உண்மை. ஆயினும் முன்முடிவு இல்லாதவர்தான் பிறரைக் கற்க முடியும் என்றால் கற்க யாருமே மிஞ்சமாட்டார்கள். ராதாகிருஷ்ணனுக்கும் முன்முடிவு இருந்தது. பார்க்க வேண்டியது, எதிரியின் வாதம் ஒருவருடைய எழுத்தை மாற்றியதா என்பதைத்தான். ஹாக்கின் எழுத்தை அது மாற்றியது.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. ஹாக் எதிர்கொண்ட இந்து சமயம் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த உயர்சாதி மாணவரின் வேதாந்தம். கல்லூரிச் சுவருக்கு வெளியே சேலையூரிலும் சுற்றியிருந்த சேரிகளிலும் மக்கள் வழிபட்ட அம்மன்களும் காவல் தெய்வங்களும் இந்த உரையாடலில் இடம்பெறவே இல்லை. செஞ்சையாவின் மறுசிந்தனையிலும் சாதி மையக் கேள்வியாகவில்லை. தமிழ்நாட்டுக் கிறித்தவரில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள் என்பதை நினைத்தால் இது சிறிய விடுபடல் அல்ல. அதை நிரப்பும் முயற்சி வேறு இடங்களில் நடந்தது: கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரியில் 1980களின் பிற்பகுதியில் அரவிந்த் நிர்மல் தலைமையில் தலித் இறையியல் தனித் துறையாகியது, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையிலேயே வழிபாட்டை அமைத்தார். அவர்களும் மறுப்பிலிருந்தே தொடங்கினார்கள். ஆனால் இம்முறை மறுக்கப்பட்டது ஐரோப்பிய ஆசிரியரின் கருத்து அல்ல. வேதாந்தத்தோடு பேசிவிட்டால் இந்தியாவோடு பேசியதாகிவிடும் என்று நம்பிய இந்தியக் கிறித்தவ அறிஞரின் கருத்து.