பந்தயத்தில் வென்ற ரைபிள், போர்க்களத்தில் தோற்ற கதை



முதல் உலகப் போர் பற்றி நான் எழுதிவரும் பதிவுகளைப் படித்துவிட்டு, என்.சி.சி.யில் இருந்த பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், ஒரு ரைபிள் நல்லதா இல்லையா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? குறி தவறாமல் சுட்டால் போதாதா?"

இந்தக் கேள்விக்கு "ஆமாம், போதும்" என்று ஒரு நாடே பதில் சொன்னது. அந்தப் பதிலுக்கான விலையை இருபது வயது இளைஞர்கள் கொடுத்தார்கள். கனடாவின் ராஸ் ரைபிள் கதை அது. சற்று நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

முதலில் போல்ட் ரைபிள் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மேலே திருப்பிப் பின்னால் இழுத்தால் கதவு திறக்கும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். துப்பாக்கிக் குழலின் பின்வாயை இப்படி மூடுகிற தாழ்ப்பாள்தான் போல்ட். ஒவ்வொரு முறை சுட்டதும் அதைத் திறக்க வேண்டும். வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு வெளியே வந்து விழும். மூடும்போது அடுத்த தோட்டா உள்ளே போகும். நம் ஊர்க் காவல் நிலையங்களில் நீங்கள் பார்த்த பழைய .303 இந்த வகைதான்.

இனி, குறி தவறாமை. இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பத்துக் குண்டுகளும் ஒரே இடத்தில் நெருக்கமாகப் போய் விழுவது ஒன்று. அந்த இடம் நாம் குறிவைத்த இடமாகவே இருப்பது இன்னொன்று. இரண்டாவது சரியில்லை என்றால் குறிகாட்டியைத் திருகிச் சரி செய்துவிடலாம். முதலாவது சரியில்லை என்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அது குழலிலும் போல்ட்டிலும் மரக்கட்டையிலும் தோட்டாவிலும் இருக்கிற குணம்.

இந்த நெருக்கத்தைக் கோணத்தால் அளக்கிறார்கள். வட்டத்துக்கு 360 பாகை. ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. 100 கஜத்தில் ஒரு கலையின் அகலம் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். 600 கஜத்தில் ஆறு அங்குலத்துக்குச் சற்று அதிகம். இதில் ஓர் எச்சரிக்கை: மூன்று குண்டுகள் ஒட்டி விழுந்தன என்பதை மட்டும் வைத்து ரைபிளைப் புகழக் கூடாது. மூன்று என்பது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். பத்து, இருபது என்று சுட்டுப் பார்த்தால்தான் குணம் தெரியும்.

சரி, கதைக்கு வருவோம். 1899இல் தொடங்கிய போயர் போரில் பிரிட்டனுக்கு ஆதரவாகக் கனடாவும் படை அனுப்பியது. அந்தச் சமயத்தில் பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு ரைபிள்களைக் கனடா கேட்டது. கேட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை. "நாங்களே செய்துகொள்கிறோம், உரிமம் கொடுங்கள்" என்றது. அதுவும் நடக்கவில்லை. அடுத்தவர் கையை எதிர்பார்த்து ராணுவம் நடத்த முடியாது என்று கனடா நினைத்ததில் தவறே இல்லை.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தவர் சர் சார்லஸ் ராஸ். ஸ்காட்லாந்தின் பெரிய நிலப்பிரபு, வேட்டைப் பிரியர், நல்ல கண்டுபிடிப்பாளர். தானே வடிவமைத்த ரைபிளைத் தன் தொழிற்சாலையில் கனடாவிலேயே செய்து தருவதாகச் சொன்னார். கியூபெக் நகரத்தில் ஆலை எழுந்தது.

ராஸின் ரைபிளில் ஒரு புதுமை இருந்தது. போல்ட்டை மேலே திருப்பத் தேவையில்லை, நேராகப் பின்னால் இழுத்தால் போதும். உள்ளே இருக்கும் சுருள் வரிகள் போல்ட்டின் தலையைத் தானாகவே திருப்பிப் பூட்டைத் திறந்துவிடும். கை அசைவு குறைவு, அதனால் வேகம் அதிகம் என்பது கணக்கு. குழல் முப்பது அங்குலத்துக்கு மேல். தோட்டா போய் உட்காரும் அறை, இம்மியும் ஆடாதபடி இறுக்கமாகக் கடையப்பட்டது. குறிபார்த்துச் சுடுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் ஆண்டுதோறும் நடக்கும் துப்பாக்கிப் பந்தயத்தில் அரசர் பரிசுதான் உச்சம். 1911இலும் 1913இலும் அந்தப் பரிசு கனடிய வீரர்களுக்குப் போனது. அவர்கள் கையில் இருந்தது ராஸ். கனடாவின் ராணுவ அமைச்சர் சாம் ஹியூஸும் துப்பாக்கி சுடுவதில் பெரும் ஆர்வம் உள்ளவர். உலகிலேயே சிறந்த ரைபிள் எங்களுடையது என்று அவர் மார்தட்டியதற்கு மைதானத்தில் சான்று இருந்தது.

அதே காலத்தில் பிரிட்டிஷ் படையின் குட்டை லீ-என்ஃபீல்டைப் பல நிபுணர்கள் மட்டம்தட்டிக்கொண்டிருந்தார்கள். குழல் இருபத்தைந்து அங்குலம்தான், தூரத்தில் குறி சிதறும், பூட்டு போல்ட்டின் பின்பக்கம் இருக்கிறது என்றெல்லாம் குறை சொன்னார்கள். பிரிட்டிஷ் ராணுவமே அதை மாற்ற நினைத்து 1913இல் வேறொரு ரைபிளைச் சோதித்துக்கொண்டிருந்தது. போர் வந்ததால் அந்த மாற்றம் நின்றுபோனது.

ராஸ் பற்றிய எச்சரிக்கை மணியும் முன்பே அடித்திருந்தது. 1906இல், கனடாவின் குதிரைக் காவல்படையில் ஒருவர் ராஸ் ரைபிளைச் சுட்டுப் பார்த்தபோது போல்ட் பின்னால் பறந்து வந்து அவர் ஒரு கண்ணை இழந்தார். காவல்படை அந்த ரைபிளைக் கைவிட்டது. ஆனால் ராணுவம் கைவிடவில்லை. வடிவத்தைத் திருத்தித் திருத்தி, 1910இல் மூன்றாம் மாதிரியைக் கொண்டுவந்தார்கள். 1915இல் கனடியப் படை அதைத்தான் தோளில் சுமந்து பிரான்ஸுக்குப் போனது.

1915 ஏப்ரல் 22, மாலை நேரம். பெல்ஜியத்தின் ஈப்ர் நகரத்துக்கு அருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். பிரெஞ்சு அணி நிலைகுலைந்து பின்வாங்கியது. அந்த இடைவெளியை அடைக்கக் கனடிய டிவிஷன் நின்றது. 24ஆம் தேதி கனடியர்கள் மீதே வாயு வந்தது. முகத்தில் நனைத்த துணியைக் கட்டிக்கொண்டு, மூச்சுத் திணற, அவர்கள் சுட்டார்கள்.

சில ரவுண்டுகளில் ரைபிள் சூடானது. போல்ட் இறுகிக்கொண்டது. கையால் இழுத்தால் வரவில்லை. பூட்ஸ் காலால் உதைத்தார்கள். மண்வெட்டியால் அடித்தார்கள். எதிரி நெருங்கி வரும் நேரத்தில், கையில் இருந்த ரைபிள் வெறும் இரும்புத் தடியாகிவிட்டது. பக்கத்தில் பிரிட்டிஷ் வீரன் விழுந்து கிடந்தால் அவனுடைய லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு, ராஸை அங்கேயே போட்டுவிட்டார்கள். உயிர்தப்பி வந்த ஏறத்தாழ 5000 பேரில் 1452 பேர் அப்படிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று கணக்கெடுத்தபோது தெரிந்தது. போர் நடுவே துப்பாக்கியை விட்டெறிவது ராணுவத்தில் தண்டனைக்குரிய குற்றம். தண்டனைக்கு அஞ்சாமல் அத்தனை பேர் எறிந்தார்கள் என்றால், அதைவிடத் தெளிவான மதிப்பீடு வேறு ஏது?

நம் நாட்டவரும் அந்தக் களத்தில் இருந்தார்கள். இந்திய ராணுவத்தின் லாகூர் டிவிஷன் ஏப்ரல் 26 அன்று ஈப்ரில் தாக்குதலுக்கு இறங்கியது. ஜமேதார் மீர் தஸ்த் விக்டோரியா கிராஸ் பெற்றது அன்றைய வீரத்துக்குத்தான். இந்தியர்கள் கையில் இருந்தது லீ-என்ஃபீல்டு.

ராஸ் ஏன் இறுகியது? காரணங்கள் மூன்று.

ஒன்று, தோட்டா. போர்க்காலத்தில் பல ஆலைகள் அவசரமாகச் செய்த பிரிட்டிஷ் தோட்டாக்களில் நூலிழை அளவு வித்தியாசம் இருக்கும். லீ-என்ஃபீல்டின் அறை சற்றுத் தளர்வானது, அதைத் தாங்கிக்கொள்ளும். ராஸின் இறுக்கமான அறை தாங்காது. பந்தயத்தில் பரிசு வாங்கித் தந்த அதே இறுக்கம், சேற்றிலும் சூட்டிலும் கூட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது.

இரண்டு, இழுக்கும் முறை. இறுகிய பாட்டில் மூடியை நேராக இழுத்துப் பாருங்கள், வராது. திருகினால் வரும். லீ-என்ஃபீல்டில் கைப்பிடியைத் திருப்பும்போதே கூடு மெல்ல நெம்பித் தளர்ந்துவிடும். ராஸில் நேர் இழுப்பு மட்டும்தான். நெம்பும் பலம் குறைவு.

மூன்று, போல்ட் பின்னால் வந்து நிற்கும் இடத்தில் இருந்த தடை மிகச் சிறியது. திரும்பத் திரும்ப அதில் மோதி, போல்ட்டின் பூட்டுப் பற்களில் ஒன்று நசுங்கியது. நசுங்கிய பல் அடுத்த முறை சரியாகத் திரும்பாது. போதாததற்கு, துடைப்பதற்காகக் கழற்றிய போல்ட்டைத் தவறாகவும் மாட்டிவிட முடியும். அப்படி மாட்டினால் பூட்டாமலே வெடித்து, சுடுகிறவன் முகத்தை நோக்கிப் பாயும்.

பிஸ்லியில் இவற்றில் எதுவும் தெரிய வழியில்லை. அங்கே பசும்புல், தேர்ந்தெடுத்த தோட்டா, ஒவ்வொரு குண்டுக்கும் நிதானமான இடைவெளி, மாலையில் எண்ணெய் போட்டுத் துடைக்க அவகாசம். சோதனை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. போர்க்களம் கேட்கப்போகும் கேள்வியை யாரும் மைதானத்தில் கேட்டுப் பார்க்கவில்லை.

அதைவிட வருத்தமான பகுதி இனிமேல்தான். கனடியப் படையின் தளபதி ஆல்டர்சன் குறைகளை எழுதி அனுப்பினார். ஹியூஸ் கோபப்பட்டார். ரைபிளைக் குறை சொல்வது நாட்டையே குறை சொல்வது என்பதுபோல் ஆயிற்று. ஆல்டர்சன் 1916 மே மாதம் பதவியிலிருந்து மாற்றப்பட்டதற்கு இந்த மோதலும் ஒரு காரணம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. முதல் டிவிஷனுக்கு 1915 ஜூனிலேயே லீ-என்ஃபீல்டு கிடைத்தது. பின்னால் வந்த டிவிஷன்கள் 1916 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நவம்பரில் ஹியூஸும் பதவி இழந்தார்.

இதோடு முடித்துவிட்டால் ராஸுக்கு அநியாயம் செய்தவனாவேன். ராணுவம் ராஸைத் திரும்பப் பெற்ற பிறகும் ஒரு சாரார் அதைக் கொடுக்க மறுத்தார்கள். அவர்கள் ஸ்னைப்பர்கள், மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுகிறவர்கள். நாளெல்லாம் காத்திருந்து ஒன்றிரண்டு குண்டு மட்டும் சுடுகிறவருக்குச் சூடும் வேகமும் பிரச்சினை இல்லை. தோட்டாவைத் தாமே பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள், ரைபிளைக் குழந்தைபோல் துடைத்து வைப்பார்கள். முதல் உலகப் போரில் மிக அதிகமானோரைச் சுட்டவராகச் சொல்லப்படும் பிரான்சிஸ் பெகமகாபோ, கனடாவின் பூர்வகுடியான ஒஜிப்வே இனத்தவர், பயன்படுத்தியது ராஸ்தான். அவர் கணக்கில் 378 பேர் என்று சொல்வார்கள். அந்த எண்ணைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரைபிளின் குறி எப்படிப்பட்டது என்பதற்காக மட்டும் குறிப்பிடுகிறேன்.

நிபுணர்கள் மட்டம்தட்டிய லீ-என்ஃபீல்டு என்ன ஆனது? பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் சிப்பாய் அதில் நிமிடத்துக்குப் பதினைந்து குண்டுகள் குறிபார்த்துச் சுடுவான். இரண்டு உலகப் போர்களிலும் அது உழைத்தது. கல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூரில் பல பத்தாண்டுகள் தயாரானது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் அந்த .303க்கு விடை கொடுத்தது.

ஆகவே, கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இது. ஒரு ரைபிளை மதிப்பிட முதலில் குண்டுகளின் நெருக்கத்தைப் பார், அது அவசியம். ஆனால் அங்கே நின்றுவிடாதே. கிடைக்கிற எந்தத் தோட்டாவையும் ஏற்குமா, நூறு குண்டு சுட்டபின் போல்ட் திறக்குமா, சேறு பட்டால் என்ன ஆகும், பதற்றத்தில் இருக்கும் சாதாரண ஆள் அதைத் தவறாக மாட்ட முடியுமா என்று பார். யார் கையில், எந்த இடத்தில், எந்த வேலைக்கு என்று தெரியாமல் எந்தக் கருவிக்கும் மதிப்பெண் போட முடியாது. கடைசியாக, அதைக் கையில் பிடித்தவன் சொல்வதைக் கேள்.

உங்களில் பலர் இன்று பொறியாளர்கள், மருத்துவர்கள், அதிகாரிகள், ஆசிரியர்கள். ஏதோ ஒன்றைச் சோதித்து "நன்று" என்று கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறீர்கள். அதைப் பயன்படுத்தப் போகிறவர் வேறெங்கோ, உங்களுக்குத் தெரியாத சேற்றில் நிற்பார். அவரிடமிருந்து குறை வந்தால் எரிச்சல்படாமல் இரண்டு முறை படித்துப் பாருங்கள்.

அடுத்த பதிவில் லாகூர் டிவிஷன் பற்றி எழுதுகிறேன். உங்கள் குடும்பத்தில் பழைய ராணுவக் கடிதங்கள், பதக்கங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்