பெயர் இட்டவர் யார்?

'நிலவொளி' என்ற பெயரை அறிந்த பிறகுதான் அந்த இசையைக் கேட்டேன். அதனால் பல வருடங்களாக அதில் நிலவைத் தவிர வேறெதுவும் என் காதில் விழவில்லை. பீத்தோவன் அப்படியொரு பெயரை வைக்கவேயில்லை என்று பின்னர் வாசித்தபோது சற்று ஏமாந்துதான் போனேன்.

1801இல் எழுதி, மறு ஆண்டு வியன்னாவில் அச்சான அந்தப் பியானோ சொனாட்டாவுக்கு அவர் இட்ட தலைப்பு, 'கற்பனைப் போக்கிலமைந்த சொனாட்டா' எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்கள் மாத்திரமே. லூசேர்ன் ஏரியில் நிலவு காயும் காட்சியோடு அதன் முதற்பகுதியை இணைத்தவர் லுட்விக் ரெல்ஸ்டாப் என்ற ஜேர்மன் விமர்சகர். பீத்தோவனின் மாணவரான செர்னிக்கோ அதே இசையில் இரவும், தூரத்திலிருந்து ஒலிக்கும் ஓர் ஆவியின் குரலும் கேட்டன. மூன்று பகுதிகள் கொண்ட படைப்பு இது. கடைசிப் பகுதியில் விரல்கள் புயலாய்ப் பாய்கின்றன. அங்கே நிலவுக்கு என்ன வேலை?

'அப்பாஷனாட்டா'வின் கதையும் இதுதான். 1807இல் வெளியான அந்தச் சொனாட்டாவுக்கு அப்பெயர் வந்தது 1838இல். பீத்தோவன் இறந்து பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. நால்கர வாசிப்புக்காக அதை மாற்றி வெளியிட்ட பதிப்பாளர் ஒருவரின் கைவேலை அது. 'ஹம்மர்கிளவியர்' என்ற கம்பீரமான பெயருக்கோ பியானோ என்பதற்கு மேல் பொருளில்லை. இத்தாலியச் சொல்லை விட்டு ஜேர்மன் சொல்லைப் போட்டார், அவ்வளவுதான்.

மொசார்ட்டின் 'அல்லா துர்கா' நமக்குச் சற்று நெருக்கமானது. ('அல்லா' இங்கே இத்தாலிய முன்னொட்டு, 'துருக்கிய பாணியில்' என்பதே பொருள்.) 1784இல் அச்சான சொனாட்டாவின் இறுதிப் பகுதிக்குரிய குறிப்பு அது. 1683இல் உஸ்மானியப் படை வியன்னாவை முற்றுகையிட்டது. ஜனிஸ்ஸரி வீரர்களின் பெருமுரசும் கைத்தாளமும் அந்நகருக்கு அன்று கிலியூட்டிய ஓசைகள். நூறு வருடங்களில் அதே ஓசை வரவேற்பறை நாகரிகமாயிற்று. மொசார்ட் இடக்கைச் சுரக்கட்டுகளால் முரசைப் பாவனை செய்தார். பின்னர் வந்த சில பியானோக்களில் முரசும் மணியும் ஒலிக்கத் தனி மிதிகட்டையே பொருத்தினார்கள். அச்சம் நீங்கியபின் எதிரியின் இசை இனிக்கிறது போலும்.

என்னை அதிகம் தொட்டது வேறொரு சொனாட்டா. 1809 மே மாதம் நெப்போலியனின் படை நெருங்கியபோது, பீத்தோவனின் மாணவரும் புரவலருமான ஆர்ச்டியூக் ருடோல்ஃப் வியன்னாவை விட்டு வெளியேறினார். அப்பிரிவை பீத்தோவன் இசையாக்கினார். தொடக்கத்தில் இறங்கிவரும் மூன்று சுரங்களின் மேல் 'லே-பே-வோல்' என்று அசைபிரித்து எழுதினார். போய் வருக என்பது அதன் கருத்து. இரண்டாம் பகுதி பிரிவு, மூன்றாவது மீள்சந்திப்பு. ருடோல்ஃப் 1810 ஜனவரியில் திரும்பி வந்தார்.

1811இல் லைப்சிக் பதிப்பகம் இதைப் பிரெஞ்சில் 'லே அதியூ' எனத் தலைப்பிட்டு வெளியிட்டது. பீத்தோவன் கோபமாகக் கடிதம் எழுதினார். 'லேபேவோல்' ஒருவருக்கு மட்டும் நெஞ்சாரச் சொல்வது. மற்றது சபைகளுக்கும் நகரங்களுக்கும் சொல்வது என்பது அவர் வாதம். பயன் கிட்டவில்லை. இன்றும் உலகம் பிரெஞ்சுப் பெயராலேயே அதை அழைக்கிறது. தானே பெயரிட்ட ஒரு படைப்பிலும் அவர் சொல் எடுபடவில்லை.

நானும் முன்பொரு குறிப்பில் இதனைப் 'பிரியாவிடை' என்று எழுதியிருக்கிறேன். அதிபர் ஓய்வுபெறும்போது பாடசாலையில் மேடைபோட்டு நடத்துகிறோமே, அந்தப் பிரியாவிடை! பீத்தோவன் எதனை வேண்டாமென்றாரோ அதையே நானும் செய்துவிட்டேன். இப்போது அந்த மூன்று சுரங்களைக் கேட்கும்போது, வாசற்படியில் நின்று ஒருவரை வழியனுப்பும் சொல்தான் நாவில் வருகிறது: போய் வாங்க. அசைகளும் மூன்றுதான்.