மலைக்கு நீதி கேட்ட கல்வி

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் மலையேறி உச்சியைத் தொடும் இடம் பட்டிப்பொல. கடல் மட்டத்திற்கு 6,200 அடிக்கு மேல் அமைந்த இந்நிலையமே இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமாகும். அதனை அடுத்துள்ள ஹோர்ட்டன் சமவெளிப் பகுதியில் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் சுரக்கின்றது. ஆகவே இம்மலையில் விழும் கோடரியின் வடு, தொலைவிலுள்ள உழவனது வயலிலும் தென்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்காகவும், கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலைக்காகவும் மலைநாட்டுக் காடுகள் வெட்டப்பட்டன. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடலாகாது என்று தாவரவியல் அறிஞர் ஜோசப் டால்டன் ஹூக்கர் அறிவுரை கூறினார். 1873ஆம் ஆண்டில் அரசாங்கமும் அக்காடுகளை வெட்டுவதைத் தடுத்துக் கட்டளை பிறப்பித்தது. ஒரு கற்றறிந்தவரின் சொல் ஆறுகளின் ஊற்றுக்கண்ணைக் காத்தது. ஆயினும் அதனைச் சூழல் நீதி என்று கூறுதல் பொருந்தாது. அம்மலையிற் பாடுபட்ட மக்களின் குறையை அக்கட்டளை கேட்டதில்லை. மரத்தைக் காப்பது சூழல் பாதுகாப்பு. மரம் வீழ்வதனால் வரும் துன்பம் ஏழையின் தலையில் மட்டும் விழாதபடி காப்பதே சூழல் நீதி.

இந்நீதிக்குப் பட்டப்பின் படிப்பு எவ்வாறு துணைபுரியும்? இலங்கையின் வரலாறே விடை தருகின்றது. சி. ஜி. வீரமந்திரி என்னும் சட்ட அறிஞர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் சட்டக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பின்னர் சர்வதேச நீதிமன்றத்தின் நீதியரசராக விளங்கியவர். 1997இல் தன்யூப் ஆற்று அணைகள் பற்றி ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் எழுந்த வழக்கில் அவர் தனித் தீர்ப்புரை ஒன்று எழுதினார். நிலத்திற்கு அரசன் உரிமையாளன் அல்லன், காவலனே என்று மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்கு உரைத்த அறவுரையையும், இலங்கையின் பண்டைக் குளங்களையும் அதில் அவர் சான்று காட்டினார். பழைய அறிவை இன்றைய சட்டத்தின் மொழியில் நிறுவிக் காட்டும் ஆற்றல், நெடுங்காலக் கல்வியின் பயனன்றி வேறன்று.

அவ்வுரை நூலகத்தில் உறங்கவில்லை. எப்பாவலையிற் பொசுபேற்றுப் படிவை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அகழ்ந்தெடுக்க ஒப்பந்தம் வகுக்கப்பட்டபோது, அவ்வூர் மக்கள் எழுவர் அடிப்படை உரிமை கோரி வழக்குத் தொடுத்தனர். 2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தகுந்த ஆய்வும் சூழல் தாக்க மதிப்பீடும் இன்றி அத்திட்டம் நடைபெறலாகாது என்று நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பிலே, வீரமந்திரியின் தனித் தீர்ப்புரையும் விஞ்ஞான அறிஞர் குழுக்களின் அறிக்கைகளும் எடுத்தாளப்பட்டன. ஊரவர் துணிவு முன்னே சென்றது. அறிஞர் ஆய்வு அதற்குக் கைவிளக்காயிற்று.

இனி இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் முன்னரே எச்சரித்திருந்தது. மலைச்சரிவை ஆராய்ந்த கல்வி பிழைபடவில்லை. ஆயினும் அறிந்த உண்மை, அங்கே வாழ்ந்தோரைப் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்தும் செயலாக மாறவில்லை. எச்சரிக்கை கேட்ட தொழிலாளிக்குப் போவதற்கு வேறு நிலமும் இல்லை, வீடும் இல்லை.

இங்கேதான் பட்டப்பின் படிப்பின் முழுப் பொறுப்பும் விளங்கும். மண்ணியல் கற்றவர் சரிவின் போக்கை அளப்பர்; சட்டம் கற்றவர் உரிமையை எடுத்துரைப்பர்; சமூகவியல் கற்றவர் லயத்து வாழ்க்கையின் நெருக்கடியை ஆராய்வர். இம்மூன்றும் ஒன்றுகூடினாலன்றி நீதி பிறவாது. 1975இல் பேராதனையில் நிறுவப்பெற்ற விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் மலைநாட்டின் நடுவிலேயே இருக்கின்றது. ஆயினும் அதன் வாயிலுக்கும் தோட்டத்துப் பாடசாலைக்கும் இடையிலுள்ள தொலைவு, மைலினால் அளக்கத் தக்கதன்று. 1948இற் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பாடசாலைகளை, அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களிற்றான்.

கொழுந்து பறிக்கும் தாயின் மகள் மண்ணியலில் முதுமாணிப் பட்டம் பெற்றுத் தன் தோட்டத்துக்கு மீள்வாளாயின், ஆய்வறிக்கையின் எச்சரிக்கை லயத்து வாசலில் தமிழிலேயே ஒலிக்கும். லயத்தின் குறையும் ஆய்வறிக்கையில் இடம்பெறும். சரிவில் முதலில் வெடிப்பைக் காண்பவர் அங்கே வாழ்பவரே. அவர் கண்ட வெடிப்பை அளந்து, எழுதி, அதிகாரிகள் தட்டிக்கழிக்க இயலாத சான்றாக்கிக் கொடுப்பதே உயர்கல்வியின் பணி. பட்டிப்பொல மலையில் ஊறும் நீர் கீழுள்ள நிலமெல்லாம் பாய்ந்து பயன் தருகின்றது. உயரத்தில் ஏறிய கல்வியும் அவ்வாறே இறங்கி வருதல் வேண்டும்.