கண்டிச் சீமையின் ஏடுகள்: ஓராண்டு வாசிப்பு

கண்டியில் வாழும் நாம், கண்டியைப் பற்றி எழுதப்பட்ட நூல்களையே ஓராண்டுக் காலம் தேடிப் படிப்பதென்று சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் முடிவு செய்தோம். பட்டமோ பரிசோ கருதிச் செய்த முயற்சியன்று இது. நாள்தோறும் நாம் நடக்கும் தெருக்களைப் பற்றி எவரெவர் என்னென்ன எழுதி வைத்தனர் என்றறியும் ஆவலே காரணம். தென்னிந்தியாவிலிருந்து மலையேறி வந்த பாட்டாளி மக்கள் கண்டி என்ற சொல்லால் ஒரு நகரத்தை மட்டும் சுட்டவில்லை. கோப்பியும் தேயிலையும் விளைந்த மலைநாடு முழுவதும் அவர்கட்குக் ‘கண்டிச் சீமை’தான். நமது வாசிப்புக்கும் அந்த எல்லையையே வகுத்துக்கொண்டோம். படித்த வரிசையை விட்டு, நூல்கள் தோன்றிய கால வரிசையிலேயே பெரும்பாலும் நம் கருத்துகளைச் சொல்லிச் செல்கிறோம்.

முதலில் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, இரண்டாம் இராசசிங்கனின் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறையிருந்த இந்த ஆங்கிலேயக் கடலோடி, தப்பிச் சென்று 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல் இன்றும் சுவை குன்றாதது. நெல் வட்டிக்குக் கொடுத்ததும், தொப்பி பின்னி விற்றதும், குடிமக்கள் மன்னனுக்குச் செய்த இராசகாரிய ஊழியமும் அதில் ஒரு கணக்கப்பிள்ளையின் நிதானத்தோடு சொல்லப்படுகின்றன. நம்மை மிகவும் கவர்ந்தது அவர் நூல்களோடு கொண்ட உறவு. அவரிடம் இருந்தவை இரண்டே சமய நூல்கள். அவற்றை மனப்பாடமாகும் வரை படித்துத் தீர்த்தார். பின்னர் ஒருநாள், போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில் தம் கைக்குக் கிடைத்த ஆங்கில விவிலியம் ஒன்றை ஒரு முதியவர் கொண்டுவந்து காட்ட, தாம் பின்னிய தொப்பி ஒன்றை விலையாகக் கொடுத்து அதைப் பெற்றார். ஒரு தொப்பிக்கு ஒரு நூல்! புத்தகக் கடையில் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடும் நம் மாணவர்கள் இந்தப் பகுதியை அவசியம் படிக்க வேண்டும்.

ஆனால் நொக்ஸின் கதையை அந்நூலோடு முடித்துக்கொள்வது சரியாகாது. இருபதாண்டு சிறையின் கொடுமையை உணர்ந்த இம்மனிதர், விடுதலை பெற்றபின் கப்பல் தலைவராகி மடகஸ்காருக்குச் சென்று அடிமை வணிகத்தில் ஈடுபட்டார். துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்று மேடைதோறும் முழங்குவோர் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்? தம் விலங்கின் வலியை அறிந்தவர், பிறர் காலில் பூட்டும் விலங்கை வாணிகச் சரக்காகவே கண்டார். தனிமனிதரின் நற்குணத்தைவிட அவர் சார்ந்த வணிக நலன் வலியது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று நமக்கு இவ்வாண்டு கிட்டவில்லை.

இராணுவ மருத்துவர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட உள்நாட்டு வரலாற்றில் மண்ணும் நீரும் நோயும் பற்றிய அத்தியாயங்களை, உண்மையைச் சொன்னால், பக்கம் புரட்டியே கடந்தோம். 1817–18 கிளர்ச்சி பற்றிய பகுதியில் நின்றுவிட்டோம். 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மை காய்ந்து நான்காண்டுகளுக்குள், போரிலும் தூக்கிலும் பசியிலும் நோயிலும் மாண்ட சுதேசிகள் பதினாயிரம் பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார் அவர். இவ்வளவையும் எழுதியவர் வென்ற படையின் மருத்துவர் என்பதை மறத்தலாகாது.

நொக்ஸ் தப்பியோடி 1679இல் சென்று சேர்ந்த இடம் மன்னார்க் கடற்கரையிலுள்ள அரிப்பு. அங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டை அவருக்கு விடுதலையின் வாயில். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்க் கூலிகள் எதிர்த்திசையில், காட்டின் ஊடாக மாத்தளையை நோக்கி நடந்தார்கள். 1820களில் கம்பளைப் பகுதியில் ஜோர்ஜ் பேட் தொடங்கிய கோப்பித் தோட்டமும் அதைப் பின்தொடர்ந்த நூற்றுக்கணக்கான தோட்டங்களும் அவர்களை அழைத்தன. பசியாலும் காலராவாலும் வழியிலேயே மடிந்தவர்கள் எத்தனையோ பேர். இக்கதையை விரிவாக அறிய விரும்புவோர் டொனோவன் மொல்ட்றிச் எழுதி 1989இல் கண்டியில் வெளியான கோப்பித் தொழிலாளர் வரலாற்றைப் படிக்கலாம். அரசாங்க அறிக்கைகளையும் பத்திரிகைகளையும் சலித்தெடுத்த உழைப்பு அது. இடையிடையே சான்றுகளின் பாரம் வாசகனை அழுத்துகிறது என்ற குறையைச் சொல்லியே ஆகவேண்டும். எனினும் 2023இல் மலையகத் தமிழரின் இருநூறாண்டு நிறைவை ஒட்டிப் பேசப்பட்ட பல உரைகளினும் அந்நூல் மேலானது.

இனி ஒரு சிறு நூல். கொழும்பில் பெர்குசன் நிறுவனத்தார் 19ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட அதன் பெயர் ‘இங்கே வா! அல்லது சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி’. சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கும் இளந்துரைமார் தோட்டத் தொழிலாளரிடம் பேசப் பழகுவதற்காக எழுதப்பட்டது. தொல்காப்பியம் தோன்றிய மொழிக்கு வெள்ளையர் எழுதிய இலக்கணங்கள் பல உண்டு. அவற்றுள் சில நம் வணக்கத்துக்கும் உரியன. இந்நூலோ தன் தலைப்பிலேயே தன் நோக்கத்தை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறது. ஒரு மொழியை ஏவல் வினையிலிருந்து கற்கத் தொடங்குகிறவனுக்கு அம்மொழியில் மனிதர் எப்படித் தென்படுவர்? ‘வாருங்கள்’ என்பது அவனுக்குத் தேவைப்படாத சொல். வெல்ஸ் என்பவர் 1915இல் எழுதிய மற்றொரு வழிகாட்டி ‘கூலித் தமிழ்’ என்றே பெயர் பூண்டது. சங்கப் புலவரின் மொழி, கம்பனின் மொழி, பிரட்டுக் களத்தில் கூலித் தமிழாயிற்று! மொழிப்பற்றை மேடையில் வளர்ப்போர் ஒருமுறை இவ்விரு நூல்களின் முகப்பையேனும் பார்த்தல் நன்று. தமிழுக்கு நேர்ந்த இழிவு தமிழ் பேசிய உழைப்பாளிக்கு நேர்ந்த இழிவின் நிழலே.

அதே நூற்றாண்டில், அதே கண்டியில், தமிழ் வேறொரு வாழ்வும் வாழ்ந்தது. வழக்கறிஞர் சித்திலெப்பை 1882இல் இங்கிருந்து ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1885இல் அவர் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. முஸ்லிம் சிறுவரும் சிறுமியரும் நவீனக் கல்வி பெறவேண்டுமென்று தம் சமூகத்தோடு வாதாடிய அவருடைய துணிவு பெரிது. நாவலைப் பற்றிச் சொன்னால், களம் எகிப்தும் இந்தியாவும். கடத்தலும் சாகசமும் நிறைந்த கதை. நடையில் இன்றும் ஒரு மிடுக்கு உண்டு. ஆயினும் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. 1867இலேயே புகையிரதம் கண்டிக்கு வந்துவிட்டது. அவ்வாண்டே அருகிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். கோப்பி இலைநோயால் தோட்டங்கள் பாழாகி, கூலிகள் வேலையிழந்து நின்ற காலம் நாவல் எழுதப்பட்ட காலந்தான். கெய்ரோவைக் கண்ட அந்தக் கற்பனைக்கு ஹேவாஹெட்ட மலைச்சரிவு தெரியவில்லை. முதல் நாவலாசிரியர் ஒருவரிடம் எல்லாவற்றையும் கேட்பது பேராசை என்று நண்பர்கள் சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தில் நியாயம் உண்டு.

லெனார்ட் வுல்ஃபின் தன்வரலாற்றில், 1961இல் வெளியான பகுதியை விரைந்து படித்து முடித்தோம். 1907இல் கண்டிக் கச்சேரியில் பணியாற்றிய அவர், போகம்பறைச் சிறையில் தூக்குத் தண்டனைகளுக்குச் சாட்சியாக நிற்கவேண்டியிருந்ததை எழுதும் பக்கங்கள் எளிதில் மறக்கக்கூடியன அல்ல. ஏகாதிபத்தியத்தின் ஊழியர் அதன் எதிரியாக மாறிய கதையாகவும் அது பயன்படும். எனினும் அவருடைய பெருநாவல் அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்தில் பிறந்தது. கண்டிச் சீமையின் லயங்கள் அவருக்குக் கதை தரவில்லை.

தோட்டங்களுக்குள் வெளியார் நுழைய முடியாத நாளில் துணி வியாபாரியாக வேடமிட்டு நுழைந்த கோ. நடேசய்யரைப் பற்றி சாரல்நாடன் 1988இல் எழுதிய வரலாறு, இளைஞர் கையில் கொடுக்கத்தக்க நூல். அவர் துணைவியார் மீனாட்சியம்மை 1940இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தைப் பற்றியும் அறிந்தோம். கூட்டங்களில் பாடி மக்களைத் திரட்டுவதற்கான பாடல்கள் அவை. சிறுபிரசுரங்கள் அழிந்துபோவது எளிது. தொழிலாளியின் லயத்தில் அலமாரி ஏது? 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிமத் தளம் ஈழத்து வெளியீடுகளைக் காத்துவரும் பணிக்கு நம் சமூகம் கடன்பட்டுள்ளது.

சி. வி. வேலுப்பிள்ளையிடம் வரும்போது நம் வாசிப்பின் போக்கே மாறிவிட்டது. தோட்டத்தில் பிறந்து, ஆசிரியராகி, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் வாக்கைப் பறித்தன. 1954இல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தி பாலையா 1969இல் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். துரையின் மொழியில் துரைக்கு எதிராக எழுதப்பட்ட அக்கவிதையில் தப்பொலியோடு விடியும் காலையும், கொழுந்துக் கூடையும், பெயரில்லாத புதைகுழிகளும் உள்ளன. ‘இங்கே வா’ என்ற ஏவலுக்கு எழுபது எண்பது ஆண்டுகள் பிந்தி வந்த மறுமொழி என்றே நாம் அதைப் படித்தோம். அவர் தொகுத்து 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ இதனினும் நமக்கு உவப்பானது. கங்காணியையும் துரையையும் எள்ளி நகையாடும் பெண்குரல்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் அரசியல் அறிவைக் காட்டுகின்றன. கவிஞர் என்ற முறையில் அவர் சற்றே கண்ணீரை விரும்புகிறவர். பாட்டுக் கட்டிய பெண்களோ சிரிக்கவும் தெரிந்தவர்கள்.

தலாத்துஓயாவில் வாழ்ந்து 2004இல் மறைந்த கே. கணேஷைக் குறிப்பிடாமல் மேலே செல்லல் ஆகாது. 1946இல் கே. இராமநாதனோடு சேர்ந்து ‘பாரதி’ இதழை நடத்தியவர். முல்க்ராஜ் ஆனந்தின் ‘தீண்டாதான்’ நாவலையும், லூ சுன் கதைகளையும், ஹோ சி மின்னின் சிறைக் கவிதைகளையும் தமிழில் தந்தவர். பெருநகரத்து வசதி எதுவுமின்றி ஒரு மலைக்கிராமத்திலிருந்து செய்யப்பட்ட வேலை இது. அச்சிறைக் கவிதைகளை மாணவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினோம். மொழிபெயர்ப்பென்று எவரும் உணரவில்லை.

கடைசியாக, தோட்ட மருத்துவராய்ப் பணிபுரிந்த தி. ஞானசேகரன் 1979இல் வெளியிட்ட ‘குருதிமலை’. பின்னாளில் கண்டியிலிருந்து ‘ஞானம்’ இதழைத் தொடங்கியவர் இவரே. தோட்ட நிலங்களைப் பிறர்க்குப் பகிர்ந்தளிக்க நடந்த முயற்சிகளைத் தொழிலாளர் எதிர்த்து நின்ற 1970களின் கதை இது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் உயிர்நீத்த காலத்தை நினைவிற்கொண்டு படிக்கவேண்டிய நூல். கதைப்போக்கில் சில இடங்கள் அவசரமாக முடிகின்றன. நாம் அதற்காகக் கவலைப்படவில்லை.

நம்மைக் கவலைப்படுத்தியது நூலுக்கு வெளியே உள்ள ஒன்று. 1948இல் குடியுரிமைச் சட்டத்தை இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்து வாக்களித்தன. அது அவர்களின் பெருமை. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 மக்கள் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிடப்பட்டபோது, லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்தின் பங்காளியாய் அமர்ந்திருந்தது. ஒப்பந்தம் பற்றி அம்மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. 1970இல் அமைந்த ஐக்கிய முன்னணி ஆட்சியில் நிலச் சீர்திருத்தம் வந்தது. அந்த ஆட்சியிலேயே, 1973–74இல், தோட்டங்களில் பசியால் சாவு பெருகியது. நாம் மதிக்கும் தலைவர்கள் அப்போது என்ன நினைத்தார்கள், கிளைக் கூட்டங்களில் யார் எழுந்து கேள்வி கேட்டார்கள், யார் மௌனமாய் இருந்தார்கள் என்பதற்கு நாம் இவ்வாண்டு படித்த எந்த நூலிலும் விடை இல்லை. நாவலாசிரியரிடம் அதைக் கேட்பது நியாயமன்று. சொல்லக்கூடியவர்கள் அக்காலத்துக் கட்சிப் பணியாளர்களும் தொழிற்சங்கத்தாருமே. அவர்களுள் வயது முதிர்ந்த சிலர் கண்டியிலும் மாத்தளையிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஆசிரிய நண்பர்கள் எவரேனும் எழுதித் தந்தால், அடுத்த ஆண்டு அதையே முதலில் படிப்போம்.