பத்து நாள் மௌனத்துக்குப் பின்னால் ஒரு பர்மா கதை

பத்து நாள் பேசக்கூடாது. போனை உள்ளே நுழையும்போதே கொடுத்துடணும். காலை 4 மணிக்கு மணி அடிக்கும், 4.30க்கு உட்காரணும். சாயங்காலம் டீயும் பழமும்தான். விபாசனா கோர்ஸ் பற்றி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. உங்க ஆபீஸ்லயே யாராவது போயிட்டு வந்து, ஒரு வாரம் ரொம்ப மெதுவா பேசியிருப்பாங்க.

இது எவ்வளவு பழசுன்னு கேட்டா, '2500 வருஷம்'னு பதில் வரும். புத்தரோட போதனைக்கு அது சரி. ஆனா குடும்பம், வேலைன்னு இருக்கிற ஒருத்தர் சில நாள் லீவு போட்டு, தியானம் கத்துக்கிட்டு, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புற ஏற்பாடு இருக்கே, அதுக்கு வயசு நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலதான். அது பிறந்த இடம் பர்மா. அதுக்குப் பின்னால இருந்தது ஒரு போர்.

1885 நவம்பர். பிரிட்டிஷ் படை ஐராவதி ஆற்றின் வழியாக மேலேறி மாந்தலே அரண்மனையைப் பிடித்தது. திபாவ் மன்னரை நாடு கடத்தினார்கள். முதலில் மெட்ராஸ், பிறகு ரத்னகிரி. அங்கேயே 1916ல் இறந்துபோனார்.

மன்னர் போனதில் பர்மியர்களுக்கு என்ன போச்சு? ஒரு நாடு மட்டும் இல்லை. அவர்கள் பார்வையில் புத்தரின் 'சாசனம்', அதாவது அவர் போதனை உலகத்தில் உயிரோடு இருப்பது, அரசர் பாதுகாப்பில் இருந்தது. திபாவின் அப்பா மிண்டோன் 729 பளிங்குப் பலகைகளில் திரிபிடகத்தைச் செதுக்கி வைத்தவர். துறவிகளுக்குத் தலைவரை நியமிப்பதும் அரசர்தான். பிரிட்டிஷார் அந்தப் பதவியை 1903 வரை அங்கீகரிக்கவே இல்லை. சாசனம் ஒருநாள் தேய்ந்து மறையும் என்ற நம்பிக்கை ஏற்கெனவே இருந்தது. அரசரும் இல்லை என்றதும், அந்த நாள் நாளைக்கே வந்துவிடுமோ என்ற பயம்.

இந்தப் பயத்துக்கு விடை தேடியவர்தான் லெடி சயாதோ. 1846ல் பிறந்தவர், பெரிய படிப்பாளித் துறவி. மாந்தலே விழுந்த பிறகு மொன்யுவா பக்கம் லெடி என்ற காட்டில் தங்கினார். அதனால்தான் அந்தப் பெயர். அரசர் காப்பாற்ற முடியாததைச் சாதாரண மக்கள் காப்பாற்றட்டும் என்பது அவர் முடிவு. ஊர் ஊராகப் போனார். அபிதம்மம் என்ற மண்டை காயவைக்கிற தத்துவத்தை எளிய பர்மிய மொழியில் எழுதினார், மனப்பாடம் செய்ய வசதியாகப் பாட்டாகவும் எழுதினார். அச்சகம் அப்போது பரவிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷார் கொண்டுவந்த ரயிலும் நீராவிப் படகும் அவருக்கும் உதவின. இந்த வேடிக்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இங்கே கொஞ்சம் நின்னு, 'தூய்மை' என்ற வார்த்தையைப் பார்க்கணும். பாலியில் விசுத்தி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பெரிய நூலின் பெயருக்கே 'தூய்மையின் வழி' என்றுதான் அர்த்தம். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததாகவும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். அந்த நூலில் தூய்மை ஏழு படிகள். முதல் படி தியானமே இல்லை, ஒழுக்கம். கொல்லாதே, திருடாதே, பொய் சொல்லாதே. அதற்கப்புறம் மனம் ஒருமைப்படுவது. அதற்கும் மேலே, உடம்பும் மனசும் நொடிக்கு நொடி மாறுவதை நேராகப் பார்ப்பது. இதைப் பார்க்கும் வேலைதான் விபாசனா.

சிக்கல் இரண்டாவது படியில். ஆழ்ந்த சமாதி நிலைகளுக்குப் போக வருஷக்கணக்கில் தனிமை வேணும். வயலும் மாடும் குழந்தைகளும் இருக்கிறவர் எங்கே போவார்? லெடி சயாதோ சொன்னது: அவ்வளவு ஆழம் கட்டாயம் இல்லை, நொடிக்கு நொடி நிற்கிற கவனமே போதும், அதை வைத்தே மேலே போகலாம். இதற்கு இடம் பழைய நூல்களிலேயே இருந்தது. ஆனால் அதைக் காட்டிலிருந்து வயலுக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது. (மிங்குன் சயாதோ போன்றவர்களும் இதே காலத்தில் உழைத்தார்கள்.)

நிஜமாகவே அது வயலுக்குத்தான் போனது. ரங்கூனுக்கு எதிர்க்கரையில் ஒரு கிராமத்தில் சயா தெட்ஜி என்ற விவசாயி. காலராவில் மகனையும் மகளையும் இழந்தவர். லெடியிடம் கற்று, துறவியாகாமலேயே ஆசிரியரானார். 1937ல் அவரிடம் கற்க ஆற்றைக் கடந்து வந்தவர் ஊ பா கின், அரசுக் கணக்கு அலுவலகத்தில் வேலை செய்தவர். 1948 ஜனவரி 4ஆம் தேதி பர்மா சுதந்திரம் அடைந்தது. இவர் நாட்டின் தலைமைக் கணக்காயர் ஆனார். அந்த அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் கற்றுக்கொடுத்தார். பிறகு, ஊழல் மலிந்திருந்த அரசு விளைபொருள் வாரியத்தைச் சரிசெய்யும் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. தூய்மையின் முதல் படி ஒழுக்கம்னு சொன்னேன் இல்லையா, கணக்குப் புத்தகத்துக்கும் அது பொருந்தும்.

1955ல் அவரிடம் வந்தவர் சத்ய நாராயண் கோயங்கா. மாந்தலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி, கடுமையான ஒற்றைத் தலைவலி, வலி தாங்க மார்ஃபின். தலைவலிக்கு மருந்தாக இதைக் கேட்டு வந்தால் சேர்த்துக்கொள்ள முடியாது என்று ஊ பா கின் முதலில் மறுத்ததாகக் கோயங்காவே பல முறை சொல்லியிருக்கிறார்.

1962ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் கடைகளும் தொழில்களும் தேசியமயம். லட்சக்கணக்கான இந்தியர்கள் கிட்டத்தட்ட வெறுங்கையோடு கப்பலேறினார்கள், அதில் தமிழர்கள் ஏராளம். பாரிமுனை பர்மா பஜாரும், வடசென்னைத் தெருவில் நீங்க சாப்பிடுற அத்தோவும் இப்படித்தான் வந்தன. விபாசனா வந்ததும் இதே சூழ்நிலையில்தான். கோயங்காவின் தொழில்களும் பறிபோயின. 1969ல் இந்தியா வந்து பம்பாயில் முதல் கோர்ஸ் நடத்தினார். அவர் அப்பா அம்மாவையும் சேர்த்து 14 பேர். 1976ல் இகத்புரி மையம். 1994ல் திகார் சிறையில் ஒரே நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் உட்கார்ந்தார்கள்.

பர்மாவில் கிளம்பிய இன்னொரு கிளை மஹாசி சயாதோவுடையது. அது அமெரிக்கா போய், 1979ல் ஜான் கபட்-ஜின் மருத்துவமனையில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சிக்கும் வேர்களில் ஒன்றானது. உங்க போன்ல இருக்கிற ஆப் வரைக்கும் அந்தக் கோடு வருது. வழியில் முதல் படி எங்கேயோ விழுந்துடுச்சு. ஆப் உங்ககிட்ட மூச்சை கவனின்னு சொல்லும், பொய் சொல்லாதேன்னு சொல்லாது.

ஆனா ஆப்பை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. சாசனம் அழிந்துவிடும் என்ற அந்தப் பழைய பயம் மியான்மரில் வேறு மாதிரியும் வேலை செய்தது. 2013க்குப் பிறகு சில துறவிகளே அமைப்பு கட்டி, பௌத்தத்துக்கு முஸ்லிம்களால் ஆபத்து என்று மேடை மேடையாகப் பேசினார்கள். 2017ல் ராணுவத் தாக்குதலில் 7 லட்சம் ரோஹிங்யாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். தியானம் இவ்வளவு பரவலாக மக்களிடம் போய்ச் சேர்ந்த நாடு உலகத்தில் அதிகம் இல்லை. 1885க்குப் பிறகு அந்தப் பயம் ஒரு துறவியை எளிய மொழியில் புத்தகம் எழுத வைத்தது. 130 வருஷம் கழித்து அதே பயம் வேறு துறவிகளிடம் பக்கத்து வீட்டுக்காரரை எதிரியாகக் காட்டச் சொன்னது. இரண்டுமே சாசனத்தைக் காப்பாற்றும் பெயரில்தான்.

திபாவ் மன்னர் மெட்ராஸ்ல இருந்த சில மாசங்கள் தனிக் கதை. அதை அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.