கலிங்கத்தில் நான்கு நாள்

கலிங்கம் என்னும் சொல்லுக்குத் தமிழில் ஆடை என்றும் ஒரு பொருள் உண்டு. அந்நாட்டிலிருந்து வந்த நேர்த்தியான துணிக்கு நாட்டின் பெயரே பெயராயிற்று என்பர் அறிஞர். சங்க காலத் தமிழர் கலிங்கத்தை உடுத்து மகிழ்ந்தனர். பிற்காலத் தமிழரோ அதனைப் போர்க்களமாகவே நினைவில் வைத்தனர். இன்று கலிங்கம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது செயங்கொண்டாரின் பரணிதான். பள்ளியில் அதனைப் படித்தபோது, தோற்று ஓடிய கலிங்கரை எண்ணி நகைத்தோமேயன்றி, அவர்கள் யார், அவர்கள் ஊர் எது, அவர்கள் உண்ட சோறு எத்தகையது என்று ஒருநாளும் கேட்டோமில்லை.

நம் காலனியில் வாழும் குடும்பங்களுள் புரிக்குச் செல்லாதவை மிகச் சில. இரவு வண்டியில் ஏறி, காலையில் இறங்கி, ஜகந்நாதரைத் தரிசித்து, கடலில் கால் நனைத்து, மறுநாள் வேலைக்குத் திரும்பிவிடுவது நம் வழக்கம். இடையில் உள்ள நாடு சன்னலுக்கு வெளியே ஓடும் பச்சை நிறமாகவே நமக்கு இருந்து வந்தது. அக்குறையைத் தீர்க்க எண்ணி, கடந்த கார்த்திகைத் திங்களின் இறுதியில் நம் சங்கத்தார் பதினொருவர் புவனேசுவரத்திலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டோம். நான்கு நாள், ஏறத்தாழ 150 கிலோமீட்டர். எங்களுள் மூத்தவருக்கு வயது 63. இளையவள், இக்காலனியிலேயே பிறந்து வளர்ந்த 13 வயதுச் சிறுமி.

வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஒடியா வரலாற்று ஆசிரியர். தம் பழைய சைக்கிளில் அவர் முன்னே செல்ல, எங்கள் மூட்டை முடிச்சுகளும், காற்றடிக்கும் பம்பும், பஞ்சர் ஒட்டும் சாமான்களும் ஒரு சிறு வேனில் பின்னே வந்தன. அவர் எங்களுக்கு விதித்த கட்டளை ஒன்றே: எந்தச் சின்னத்தின் முன் நின்றாலும் முதல் ஐந்து நிமிடம் ஒருவரும் பேசலாகாது. அதன் பின்னரே அவர் இந்தியில் விளக்கத் தொடங்குவார்.

முதல் நாள் காலையில் உதயகிரிக் குன்றில் உள்ள ஹாத்திகும்பா என்னும் யானைக் குகையை அடைந்தோம். அதன் நெற்றியில் 17 வரிகளில் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது காரவேலன் கல்வெட்டு. கிறித்து பிறப்பதற்கு முன் கலிங்கத்தை ஆண்ட சமண மன்னன் அவன். தன் ஆட்சியில் ஆண்டுதோறும் செய்தவற்றை வரிசையாக அதில் கூறுகின்றான். அவற்றுள், தமிழ் நாட்டவரின் கூட்டணி ஒன்றை உடைத்ததாகவும், பாண்டிய மன்னனிடமிருந்து முத்தும் மணியும் பெற்றதாகவும் கூறும் பகுதிகள் உள்ளன. கல் தேய்ந்திருப்பதால் சில சொற்களைப் படிப்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும், கலிங்கர் தம் வெற்றிப் பட்டியலில் நம் பெயரையும் எழுதி வைத்திருப்பதைக் கண்டபோது எங்கள் முகம் சற்றே வாடியது உண்மை.

அன்று மாலை தயா ஆற்றங்கரையில் உள்ள தௌலியை அடைந்தோம். குன்றின் உச்சியில் 1972ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட வெண்ணிறச் சாந்தி ஸ்தூபியை நோக்கியே பேருந்துகள் விரைகின்றன. ஆசிரியரோ எங்களைக் கீழேயே நிறுத்தினார். அங்கே ஒரு பாறையின் மேல் யானையின் முன்பாதி செதுக்கப்பட்டிருக்கின்றது. அதன் கீழே அசோகனின் சாசனங்கள். கி.மு. 261ஆம் ஆண்டு வாக்கில் நிகழ்ந்த கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று தன் பதின்மூன்றாம் சாசனத்தில் அம்மன்னன் வருந்தி எழுதினான் அல்லவா? அந்தச் சாசனம் தௌலியில் இல்லை! கிர்நாரிலும் கால்சியிலும் உள்ளது. தோற்ற நாட்டில் மட்டும் 11, 12, 13 ஆகிய மூன்றையும் விடுத்து, அவற்றிற்குப் பதிலாகத் தனிச் சாசனங்கள் இரண்டை வெட்டுவித்தான். மக்கள் அனைவரும் தன் பிள்ளைகளே என்றும், எவரையும் காரணமின்றிச் சிறையிடவோ துன்புறுத்தவோ கூடாதென்றும் அதிகாரிகளுக்கு அவற்றில் அறிவுறுத்துகின்றான். அதனைத் திஷ்ய நாளில், அதாவது நம் பூச நட்சத்திர நாளில், மக்கள் கேட்கப் படிக்க வேண்டும் என்பதும் ஆணை. புண்பட்டவர் முன்னிலையில் புண்ணின் அளவைக் கூற அவன் விரும்பவில்லை போலும்.

ஐந்து நிமிட மௌனம் முடிந்ததும், எங்களுள் மூத்தவர், காலையில் பட்ட வாட்டத்திற்கு ஈடு செய்வார் போல, குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற வரலாற்றை ஆசிரியருக்கு எடுத்துரைத்தார். அவர் பொறுமையுடன் கேட்டுக்கொண்டார். அப்போது அச்சிறுமி தன் தந்தையை நோக்கி, "அப்பா, நான் பிறந்தது இந்தப் பக்கம். என் சிநேகிதிகள் எல்லாரும் ஒடியாக்காரர்கள். அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். தந்தை திகைத்தார். நாங்களும் வாயடைத்து நின்றோம். கேள்வியின் பொருளை அறிந்துகொண்ட ஆசிரியர், "இதற்கு விடை புரியில் இருக்கிறது. நாளை மறுநாள் சொல்கிறேன்" என்றார்.

இரண்டாம் நாள் பயணமே நீண்டது. தயா, பார்கவி, குசபத்ரா என மகாநதியின் கிளைகள் வளைந்தோடும் சமவெளி அது. தஞ்சைத் தரணியில் பிறந்தோர்க்கு அங்கே எதுவும் புதிதன்று: வாய்க்கால், வரப்பு, அறுவடைக்குக் காத்திருக்கும் நெல், குளக்கரைச் சிவன் கோயில். காரில் சென்றால் புழுதியைக் காணலாம். மிதிவண்டியில் சென்றதால் வைக்கோலின் மணத்தை அறிந்தோம். வழியில் பிப்பிலி என்னும் ஊர். ஒட்டுத் துணி வேலைக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் தையற்காரர்கள் புரித் தேர்களுக்கு அலங்காரத் துணி தைக்கும் மரபினர். ஜகந்நாதர் தேருக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரர் தேருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரையின் தேருக்குச் சிவப்பும் கறுப்பும் உரியவை. நம் ஊர்த் தேரில் தொங்கும் தொம்பைகளை நினைத்துக்கொண்ட அம்மையார் ஒருவர், ஒரு விதானத்தைக் கையில் எடுத்துத் தையலைத் தடவிப் பார்த்து, "இதுவல்லவோ கலிங்கம்!" என்றார். சங்கத் தமிழர் அறிந்த பொருள் அங்கே உயிர் பெற்றது.

பொழுது சாயுமுன் கோனார்க்கை அடைந்தோம். கி.பி. 1238 முதல் 1264 வரை ஆண்ட முதலாம் நரசிம்மதேவன் எழுப்பிய கதிரவன் கோயில் அது. ஏழு குதிரைகள் இழுக்க, 24 சக்கரங்கள் பூண்ட கல்தேராக அதனை அமைத்தான். கருவறையின் மேலிருந்த பெருஞ்சிகரம் என்றோ சரிந்துவிட்டது. எஞ்சிய முன்மண்டபமும் சரியாமலிருக்க, 1903ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் அதன் உள்ளே மணலை நிரப்பி வாயில்களை அடைத்தனர். எங்கள் இளைஞர் கற்சக்கரத்தின் ஆரங்களை எண்ணினர்: பருத்தவை எட்டு, மெலிந்தவை எட்டு. பின்னர்த் தம் வண்டியின் கம்பிகளையும் எண்ணினர்: முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40. எண்ணூறு ஆண்டுகட்கு அருகில் அசையாது நின்றும், ஓடுவது போலவே தோன்றும் அச்சக்கரத்தின் முன் நம் சக்கரங்கள் சாய்ந்து கிடந்தன.

மூன்றாம் நாள் கடலோரச் சாலை. சந்திரபாகைக் கடற்கரையில் கதிரவன் எழுவதைக் கண்டு, சவுக்கு மரங்களின் ஊடே 35 கிலோமீட்டர் கடந்து நண்பகலில் புரி நகரை அடைந்தோம். சிங்க வாயிலின் முன் நிற்கும் பதினாறு பட்டை ஒற்றைக் கல்தூண் கோனார்க்கிலிருந்து மராட்டியர் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில், கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. தரிசனம் முடிந்து மகாபிரசாதம் உண்ட பின், ஆனந்த பசாரின் ஓரத்தில் அமர்ந்து ஆசிரியர் தம் வாக்கை நிறைவேற்றினார்.

"இக்கோயிலைக் கட்டத் தொடங்கியவன் யார்?" என்று கேட்டார். அனந்தவர்மன் சோடகங்கன் என்று ஓர் இளைஞன் விடையிறுத்தான். சோட என்பது சோழ என்பதன் திரிபே. கீழைக் கங்கர் குலத்து இராசராச தேவேந்திரவர்மனுக்கும் சோழ அரசகுமாரி இராசசுந்தரிக்கும் பிறந்தவன் அவன். ஆகவே சோழ கங்கன் எனப்பட்டான். 1078ஆம் ஆண்டில் அரியணை ஏறி ஏறத்தாழ 70 ஆண்டு ஆண்டவன். உத்கலத்தை வென்று கங்கர் ஆட்சியை மகாநதிக் கரைக்குப் பரப்பியவன். பரணியில் தோற்றவனாகப் பாடப்படும் அனந்தவன்மன் இவனே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. 1110ஆம் ஆண்டு வாக்கில் நிகழ்ந்த அப்போரில் தோற்றவன், அதன் பின் நாட்டைப் பெருக்கி இப்பெருங்கோயிலுக்கு அடி கோலினான்.

இனி வென்றவனைப் பார்ப்போம். முதற் குலோத்துங்கன் வேங்கிச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரனின் மகன். அவன் தாய் அம்மங்கதேவி, கங்கை கொண்ட இராசேந்திர சோழனின் மகள். வென்றவனும் சோழர் பெண்ணின் மகன். தோற்றவனும் சோழர் பெண்ணின் மகன்! பகைவர் என்று நாம் படித்த இருவரும் ஒரே பிறந்தகத்தைச் சேர்ந்த தாய்மாரின் பிள்ளைகள். இச்செய்தி நம் வரலாற்று நூல்களில் உள்ளதே, புதியதன்று. இரு பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்க்க நாம் மறந்தோம், அவ்வளவே.

ஆசிரியர் புன்முறுவலுடன், "உங்கள் பரணியைக் கேட்டேன், எங்கள் காஞ்சி காவேரிக் கதையையும் கேளுங்கள்" என்றார். ஒடிசாவில் குழந்தைகளும் அறிந்த கதை அது. கஜபதி மன்னன் புருஷோத்தமதேவன் (1467–1497) தேர்த் திருவிழாவில் மரபுப்படி துடைப்பம் ஏந்தித் தேரைப் பெருக்கினான். பெருக்குபவனுக்கு என் மகளைத் தாரேன் என்று காஞ்சி மன்னன் மறுத்தான். போர் மூண்டது. ஜகந்நாதரும் பலபத்திரரும் கறுப்பு, வெள்ளைக் குதிரைகளில் வீரராய் முன்சென்று, வழியில் மாணிக்கா என்னும் ஆய்ச்சியிடம் தயிர் வாங்கி உண்டு, விலையாக மோதிரம் ஈந்தனர். காஞ்சி வீழ்ந்தது. சிறைப்பட்ட இளவரசி பத்மாவதியை ஒரு பெருக்குபவனுக்கே மணம் முடிக்குமாறு மன்னன் ஆணையிட, அமைச்சர் காத்திருந்து, அடுத்த தேர்த் திருவிழாவில் மன்னன் துடைப்பம் ஏந்திய வேளையில் அவனுக்கே அவளைக் கொடுத்தார். இது மரபுக் கதை. ஆயினும், புருஷோத்தமனின் தந்தை கபிலேந்திரனின் படை 1464ஆம் ஆண்டு வாக்கில் தமிழகத்தினுள் புகுந்தது வரலாறு.

நமக்கு ஒரு பரணி. அவர்களுக்கு ஒரு காஞ்சி காவேரி. ஒன்றில் அவர்கள் தோற்றனர்; மற்றொன்றில் நாம் தோற்றோம். நம் பரணி இலக்கணத்தில் ஒரு நயம் உண்டு: பரணி நூலுக்குத் தோற்றவரின் பெயரையே சூட்டுவது மரபு. குலோத்துங்கன் பரணி என்று செயங்கொண்டார் பெயரிடவில்லை. கலிங்கத்துப் பரணி என்றே பெயரிட்டார். அவ்வாறே அவர்களும் தம் வெற்றிக் கதைக்குக் காஞ்சி என்றும் காவேரி என்றும் நம் பெயர்களையே இட்டு வழங்குகின்றனர்! இதனை நாங்கள் கூறியபோது ஆசிரியர் தம் சிறு குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

நான்காம் நாள் வண்டிகளை ஊர்ப்புறம் திருப்பினோம். நகரின் எல்லையில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அட்டரநளா என்னும் கற்பாலத்தைக் கண்டோம். யாத்திரிகர் கால்நடையாக வந்த பழைய ஜகந்நாதப் பாதையின் வாயில் அது. பார்கவி ஆற்றருகே உள்ள ரகுராஜ்பூரில் வீடுதோறும் பட்டச் சித்திரம் எழுதுகின்றனர். ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்திரர் 1926ஆம் ஆண்டில் பிறந்த ஊர் அது. ஒரு முதியவர் பனையோலையில் எழுத்தாணியால் கீறி, கீற்றில் கரி தடவி உருவங்களைத் தோற்றுவித்தார். நம் பாட்டனார் ஏடு எழுதிய முறையும் அதுவே. அங்கிருந்து சாட்சிகோபாலுக்குச் சென்றோம். அங்குள்ள கோபாலன் திருவுருவைக் காஞ்சிப் போருக்குப் பின் புருஷோத்தமதேவன் கொண்டுவந்தான் என்பர். அவ்வூரில்தான் 1909ஆம் ஆண்டில் உத்கலமணி கோபபந்து தாஸ் மரநிழலில் சத்தியவாதி வனப் பள்ளியைத் தொடங்கினார்.

அன்று வியாழக்கிழமை. மார்கசீர்ஷ மாதத்து வியாழன் ஒடியா இல்லங்களில் திருமகள் வழிபாட்டிற்கு உரியது. அரிசி மாக் கரைசலால் வாயில்தோறும் கோலமிட்டிருந்தனர். ஜோட்டி என்பர் அதனை. நெற்கதிரும் தாமரையும், உள்நோக்கி வரும் சிறு பாதங்களும்! ஒரு வீட்டின் முன் மூதாட்டி ஒருவர் குனிந்து கோலமிட்டுக்கொண்டிருந்தார். நம் சிறுமி வண்டியைச் சாத்திவிட்டு அருகே சென்று அமர்ந்தாள். அவர் மாக்கிண்ணத்தை நீட்டினார். அவள் தன் பாட்டியிடம் கற்ற இழைக்கோலம் ஒன்றை அதன் ஓரத்தில் வரைந்தாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன. பிறகு தந்தையிடம் திரும்பி, "அப்பா, இரண்டு பக்கமும் நான்தான்" என்றாள். ஆசிரியருக்கு இதனை மொழிபெயர்த்துச் சொன்னோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அன்பர்களே! வீரத்தைப் பாடிய நம் முன்னோரின் நூலைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. அதனை நம் மக்களுக்குக் கற்பிப்போம், நன்றாகவே கற்பிப்போம். ஆனால் அம்மங்கதேவியின் பெயரோடு இராசசுந்தரியின் பெயரையும் சேர்த்துக் கற்பிப்போம். பிழைப்பு நாடி வந்த நாட்டில் நம் பிள்ளைகள் விருந்தினராக அல்ல, உறவினராக வளர வேண்டுமாயின் அது இன்றியமையாதது.

கலிங்க நகரம் எனப்பட்ட கங்கரின் பழைய தலைநகர், இன்று ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் முகலிங்கம் என்னும் சிற்றூராக உள்ளது. அடுத்த கார்த்திகையில் அங்கே செல்ல எண்ணியுள்ளோம். ஆசிரியரும் உடன்வர இசைந்துள்ளார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்திருக்கின்றார். போகுமுன் பரணியை அவருக்கு முழுவதும் இந்தியில் எடுத்துச் சொல்ல வேண்டுமாம். ஞாயிறுதோறும் மாலையில் சங்கக் கூடத்தில் அப்பணியைத் தொடங்கியிருக்கின்றோம். தமிழ் அறிந்த பெரியோர் வந்து துணை புரிய வேண்டுகின்றோம்.