கீசன் ஆய்வுகூடமும் பகுப்பு இரசாயனக் கல்வியும்

விஞ்ஞானக் கல்வியின் வரலாற்றை மேதைகளின் வாழ்க்கை வரலாறாகச் சுருக்கிவிடும் போக்கு இன்னும் வலுவாகவே உள்ளது. ஜேர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் யூஸ்ரஸ் லீபிக் நடத்திய ஆய்வுகூடம் பற்றி எழுதுவோரும் இதற்கு விலக்கல்லர். ஆயின் பகுப்பு இரசாயனம் மாணவர் கைகளுக்கு வந்தமையை விளக்க லீபிக்கின் மேதைமை மட்டும் போதாதென்றே நாம் கருதுகிறோம்.

1824இல், தமது இருபத்தொராவது வயதில், லீபிக் அங்கு நியமனம் பெற்றார். மருந்தாளர்களையும் கைத்தொழில் உற்பத்தியாளரையும் பயிற்றும் நிறுவனமொன்றைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் யோசனையைப் பேரவை நிராகரித்தது. அரச உத்தியோகத்தரை உருவாக்குவதே பல்கலைக்கழகத்தின் பணி. மருந்து கலப்போரையும் சவர்க்காரம் செய்வோரையும் பியர் வடிப்போரையும் பயிற்றுவதன்று என்பது அதன் வாதம். மூளையுழைப்பையும் கையுழைப்பையும் பிரித்துவைக்கும் வர்க்க நோக்கு இத்துணை வெளிப்படையாகப் பேசுவது அரிது. நிறுவனம் தனியார் முயற்சியாகவே தொடங்கியது. இடம், பழைய படைமுகாமொன்றின் காவற்கட்டடம்.

சேதனப் பொருள்களின் பகுப்பு அதுவரை பேர்சீலியஸ் போன்ற ஒருசிலரின் கைத்திறனையும் நீண்ட பொறுமையையும் வேண்டி நின்றது. 1831இல் லீபிக் வெளியிட்ட கருவியோ ஐந்து குமிழ்களையுடைய கண்ணாடிக் குழாய்தான். பொருளைச் செப்பு ஒட்சைட்டுடன் எரிக்கும்போது எழும் நீராவியைக் கல்சியம் குளோரைட்டும், காபனீரொட்சைட்டைக் குமிழ்களிலுள்ள பொற்றாசுக் கரைசலும் உறிஞ்சும். முன்னும் பின்னும் நிறுத்தால் ஐதரசனின் அளவும் காபனின் அளவும் கிடைத்துவிடும். கண்ணாடி ஊதப் பழகிய மாணவன் இக்கருவியைத் தானே செய்துகொள்ளலாம். புதிய நுட்பம் பாடவிதானத்துள் நுழைந்தமைக்கு அதன் நுண்மை மட்டுமன்றி எளிமையும் மலிவும் காரணமாயின. பண்பறி பகுப்பில் தொடங்கி, அளவறி பகுப்பினூடாகச் சுயமான ஆய்வுக்குச் செல்லும் பயிற்சி ஒழுங்கு கீசனில் உருப்பெற்றது. 1845இல் ஹொவ்மன் அதனை லண்டனுக்குக் கொண்டுசென்றார். 1848இல் பிறெசெனியஸ் வீஸ்பாடனில் தமது ஆய்வுகூடத்தை நிறுவினார்.

இவ்வொழுங்கின் முரண்பாட்டையும் நாம் மறைத்தலாகாது. லீபிக்கின் விவசாய இரசாயனம் மண்வளச் சூறையாடலை அம்பலப்படுத்தியது. பொருளியலாளர் அனைவரினதும் எழுத்துகளிலும் அது முக்கியமானதென மார்க்ஸ் 1866இல் எங்கெல்சுக்கு எழுதினார். அதே பயிற்சி முதலாளியத்துக்கும் ஆளணி தந்தது. 1856இல் ஹொவ்மனின் மாணவரான பேர்கின் செயற்கைச் சாயமொன்றைக் கண்டறிந்து, அடுத்த ஆண்டே தொழிற்சாலையொன்றை அமைக்க முற்பட்டார். நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மன் சாயக் கம்பெனிகள் பட்டம்பெற்ற இரசாயனவியலாளரைப் பெருந்தொகையாகச் சம்பளத்துக்கு அமர்த்தின. அவர்கள் கையாண்ட கருவிகளும் கண்டறிந்த சாயங்களும் கம்பெனிக்கே உரியனவாயின.